அள்ளிய ஆகாயத்தாமரை ஆறே மாதத்தில் ஏன் திரும்புகிறது?

கேள்வி இதுதான்: சென்னைப் புறநகரில் சுமார் 12 ஹெக்டேர் ஏரி. குடியிருப்போர் சங்கம் நிதி திரட்டி, மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை ஜேசிபி வைத்து ஆகாயத்தாமரையை அகற்றியிருக்கிறது. இரண்டு முறையும் ஆறு மாதத்துக்குள் தண்ணீரே தெரியாதபடி மூடிக்கொண்டது. நாற்றம் தாங்கவில்லை, அவ்வப்போது மீன் செத்து மிதக்கிறது. மருந்தடிக்கலாமா, வண்டு விடலாமா, ஃபவுண்டன் வைக்கலாமா?

மூன்றையும் பிறகு பார்க்கலாம். மூன்றாவது முறை இயந்திரம் அழைக்கும் முன் ஒரு நாளை ஒதுக்கி, ஏரிக்குள் வரும் கால்வாயை அளந்துவிடுங்கள். உங்கள் ஏரியில் செடி திரும்பி வருவதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்த "ஆறு மாதம்" என்ற கணக்கும் அங்கிருந்துதான் வருகிறது.

அளப்பதற்குக் கோடைதான் நல்ல காலம். இரண்டு வாரமாக மழையே இல்லாத ஒரு நாளில் வரத்துக்கால்வாயிலோ மழைநீர் வடிகாலிலோ தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல, யாரோ விடும் கழிவுநீர். கால்வாய் குறுகலாக உள்ள இடத்தில் ஒரு தகரத்தையோ ஒட்டுப்பலகையையோ குறுக்கே நிறுத்தி, பக்கங்களைக் களிமண் மூட்டையால் அடையுங்கள். பலகையின் நடுவில் 90 பாகைக் கோணத்தில் 'வி' வடிவ வெட்டு இருக்க வேண்டும். தண்ணீர் முழுவதும் அந்த வெட்டு வழியாக, கீழே உள்ள நீரைத் தொடாமல் தாராளமாக விழ வேண்டும். பலகைக்கு ஒரு மீட்டர் முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில், வெட்டின் அடி நுனியிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். 5 செ.மீ. நின்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 67 ஆயிரம் லிட்டர். 10 செ.மீ. நின்றால் 3.77 லட்சம் லிட்டர். 15 செ.மீ. நின்றால் 10 லட்சத்துக்கும் மேல். உயரம் இரட்டிப்பானால் ஓட்டம் ஐந்தரை மடங்கு ஆவதைக் கவனியுங்கள். "கொஞ்சம்தானே ஓடுகிறது" என்று கண்ணளவில் சொல்வது அதனால்தான் பெரும்பாலும் தப்பாகிறது. காலை ஏழு மணிக்கு எடுத்த ஒரே அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது குளியல் நேர உச்சம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என இருபத்துநான்கு மணி நேரம் எடுத்துச் சராசரி பாருங்கள்.

சராசரி 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நகரத் திட்டமிடலில் ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் உங்கள் ஏரிக்குள் ஏறக்குறைய 3,500 பேரின் கழிவுநீர் வருகிறது. ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவில் நைட்ரஜன் கழிவில் போகும். ஆக, தினமும் 35 கிலோ நைட்ரஜன். யூரியா கணக்கில் சொன்னால் ஒன்றரை மூட்டைக்கு மேல். பாஸ்பரஸ் தனி.

இப்போது செடியின் பக்கம். ஆகாயத்தாமரையில் 94, 95 விழுக்காடு தண்ணீர்தான். ஒரு டன் பச்சைச் செடியைக் கரையேற்றினால் அதோடு வெளியேறும் நைட்ரஜன் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தினமும் வரும் 35 கிலோவைச் செடி வழியாகவே வெளியேற்ற நினைத்தால் தினமும் 25 முதல் 35 டன் அள்ள வேண்டும், ஞாயிறு தீபாவளி பார்க்காமல். அடர்ந்து மூடிய ஏரியில் ஹெக்டேருக்கு 300 டன் செடி இருப்பது சாதாரணம். உங்கள் 12 ஹெக்டேரில் 3,600 டன், அதில் சுமார் 4,000 கிலோ நைட்ரஜன். நீங்கள் சுத்தமாக அள்ளி எறிந்த மொத்தச் சத்தையும் அந்தக் கால்வாய் நான்கு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கொஞ்சம் காற்றில் போகிறது, கொஞ்சம் சேற்றில் தங்குகிறது. ஆகவே ஆறு மாதம்.

ஆகவே முதல் வேலை கால்வாயில். வறண்ட நாள் ஓட்டத்தை மட்டும் திருப்பிவிடுவது போதும், மழைவெள்ளம் ஏரிக்கு வந்தாக வேண்டும். கால்வாயின் குறுக்கே 30 முதல் 45 செ.மீ. உயரத்துக்கு ஒரு சிறு தடுப்புச் சுவர், அதன் முன்பக்கம் பக்கவாட்டில் ஒரு குழாய், குழாய் போய்ச் சேரும் இடத்தில் ஒரு தொட்டி, அங்கிருந்து பம்பு வைத்துப் பாதாளச் சாக்கடைக்கு. மழை பெய்யும்போது வெள்ளம் சுவரைத் தாண்டி ஏரிக்குள் போகும். இந்த அமைப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: குழாய் வாயிலுள்ள கம்பிச் சல்லடை பிளாஸ்டிக் பையால் அடைபடுவது, மின்சாரம் போனதும் பம்பு நிற்பது. சல்லடையைத் தினமும் வாரித் தள்ள ஓர் ஆளும், மாற்றுப் பம்பும், ஜெனரேட்டரும் இல்லாமல் இதைக் கட்டினால் ஆறாவது மாதத்தில் சாக்கடை மறுபடி ஏரியில்தான் விழும். சுவரை உயர்த்திக் கட்டும் ஆசையும் வேண்டாம். மேலே உள்ள தெருவில் வெள்ளம் நிற்கும், முதல் மழையிலேயே யாராவது கடப்பாறையோடு வந்து இடித்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கும். இரவில் கழிவுநீர் லாரிகள் வந்து கொட்டுகின்றனவா என்றும் பாருங்கள். செப்டிக் டேங்க் கசடு சாதாரணச் சாக்கடையைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. ஒரு லாரியே பெரிய கணக்கு.

பாதாளச் சாக்கடை இல்லாத பகுதி என்றால் கல்வாழை, நாணல் நட்ட சரளைப் படுகை ஒரு வழி. 60 செ.மீ. ஆழம், 10 முதல் 20 மி.மீ. ஜல்லி, ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர். 3,500 பேருக்கு ஓர் ஏக்கர் முதல் இரண்டு ஏக்கர் வரை இடம் வேண்டும் என்பதைப் படம் வரையும் முன்பே யோசியுங்கள். அதற்கு முன்னால் கசடு தங்கும் தொட்டி கட்டாயம். பச்சைச் சாக்கடையை நேராகப் படுகையில் விட்டால் ஓராண்டுக்குள் ஜல்லி இடுக்கு அடைத்து மேலே குட்டையாக நிற்கும்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். "எஸ்.டி.பி.யில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில்) சுத்திகரித்த நீர்தான் ஏரிக்கு வருகிறது" என்பார்கள். வழக்கமான சுத்திகரிப்பு, நீர் நாறாமல் இருக்கப் போதும். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். லிட்டருக்குச் சுமார் 0.1 மி.கி. பாஸ்பரஸுக்குக் கீழே போனால்தான் ஆகாயத்தாமரை சோர்வடையத் தொடங்கும். சாதாரணமாகச் சுத்திகரித்த நீரில் அதைப்போலப் பல பத்து மடங்கு இருக்கும். கண்ணாடிபோல் தெளிவாக வரும் அந்த நீர் செடிக்குப் பால்சோறு. அதைத் தோட்டத்துக்கோ கட்டுமானத்துக்கோ திருப்ப முடிந்தால் திருப்புங்கள்.

சாக்கடையை அடைத்த மறுநாளே ஏரி திருந்திவிடாது. பல ஆண்டுகள் படிந்த கறுப்புச் சேற்றில் பாஸ்பரஸ் சேமிப்பு இருக்கிறது, ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் அது கசிந்துகொண்டே இருக்கும். முழு ஏரியையும் தூர்வார வேண்டியதில்லை. சேறு கனமாகப் படிந்திருப்பது வரத்துக்கால்வாய் வாயில், விசிறிபோல் விரிந்த அந்த மேட்டில்தான். கோடையில் ஏரி வற்றும்போது அங்கே மட்டும் மேல் ஓரடி கறுப்பு மண்ணை எடுங்கள். மற்ற இடங்களில் படுகை காய்ந்து வெடிப்பதே ஒரு வைத்தியம், சேற்றில் காற்றுப் புகும். ஓரங்களைச் செங்குத்தாகத் தோண்டி ஏரியைத் தொட்டி ஆக்கிவிடும் ஒப்பந்தக்காரர்கள் நிறையப் பேர். உள்வாய்ப் பக்கத்துச் சரிவான ஆழமற்ற ஓரத்தில்தான் கோரையும் நாரையும் வாழ்கின்றன, அதை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அகற்றும் வேலைக்கு வருவோம். ஏரியை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பிரிப்பதற்கு மிதவைத் தடுப்பு: இருமுனையும் அடைத்த 110 அல்லது 160 மி.மீ. பி.வி.சி. குழாய்களை நைலான் கயிற்றில் கோத்து, அடியில் ஒன்றரை முதல் இரண்டு அடிக்கு வலை தொங்கவிட்டால் போதும். நீர்மட்டம் ஏறினால் தொய்வு கொடுக்கும்படி கயிற்றை நீளமாக விட்டுக் கரையில் கட்டுங்கள். இழுத்துக் கட்டிய கயிறு முதல் மழையில் அறுந்துவிடும், இல்லாவிட்டால் தடுப்பு நீருக்குள் மூழ்கிச் செடி அதன் மேலேயே தாண்டிப் போகும்.

காற்றை வேலை வாங்குங்கள். சென்னையில் மார்ச் முதல் மே வரை பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும், மிதக்கும் கூட்டம் வடமேற்குக் கரையில் ஒதுங்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் தென்மேற்குக் கரைக்குப் போகும். ஒதுங்கும் கரையில் இயந்திரத்தை நிறுத்தி, பின்னாலிருந்து மிதவைத் தடுப்பைச் சுருக்கிக்கொண்டே வந்தால் செடி தானே கைக்கு வரும். சாதாரண ஜேசிபியின் கை ஐந்தாறு மீட்டர்தான் எட்டும். கரையைச் சுற்றி அள்ளிவிட்டு நடுவை அப்படியே விடுவது அதனால்தான். லாங் பூம் இயந்திரம் 15 மீட்டருக்கு மேல் எட்டும். நடு ஏரிக்கு மிதக்கும் ஆம்பிபியன் எக்ஸ்கவேட்டரோ, பரிசலில் ஆள் போய்க் கயிறு கட்டி இழுப்பதோதான் வழி. பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பல்வரிசை வைத்த வாரியைப் பொருத்தச் சொல்லுங்கள். மூடிய பக்கெட் செடியோடு தண்ணீரையும் சேற்றையும் அள்ளும், லோடு கணக்கு மட்டும் ஏறும். செடியை ஏரிக்குள்ளேயே வெட்டி நறுக்கும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். இலைத் துண்டு முளைக்காது, ஆனால் மொட்டு உள்ள அடித்தண்டுத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடி. முளைக்காதவை அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

அள்ளியதைக் கரையின் உட்சரிவில் குவிப்பது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. சாறு ஏரிக்கே வடியும், ஒரு மழை பெய்தால் குவியலே பச்சை பிடித்து உள்ளே இறங்கும். கரையின் வெளிப்புறம் கொண்டுபோய் இரண்டு மூன்று நாள் வாட விடுங்கள். எடை கணிசமாகக் குறையும், லாரிச் செலவும் குறையும். பத்து கன மீட்டர் டிப்பரில் பச்சைச் செடி மூன்று டன் ஏறுவதே கடினம். 3,600 டன்னுக்கு 1,200 நடை ஆகும்.

உரமாக்கலாம். வாடிய செடியை விரல் நீளத்துக்கு நறுக்கி, அரையடி செடிக்கு இரண்டு அங்குலம் சாணக் கரைசல் என்று அடுக்கி, ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்தில் நீள அம்பாரமாகப் போட்டு, வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு இரண்டரை மாதத்தில் உரம். நடுச்சூடு 55 முதல் 60 பாகைக்குப் போய்ச் சில நாள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விதை சாகாது. ஒரு டன் பச்சைச் செடியிலிருந்து நூறு கிலோ உரம் தேறுவதே அரிது, வருமானக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். மேல்பகுதியில் தொழிற்பேட்டை இருந்தால் ஈயம், காட்மியம், குரோமியம் வேரில் ஏறியிருக்கும். சோதித்துப் பார்க்காமல் காய்கறித் தோட்டத்துக்குப் போடக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாது. காம்பைக் காயவைத்துக் கூடை பின்னுவது அழகான கைத்தொழில். ஆனால் செடி வளரும் வேகத்தில் கூடை பின்ன எந்த ஊரிலும் கை இல்லை.

இனித்தான் உண்மையான வேலை. வெப்பமும் சத்தும் உள்ள நீரில் செடி பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 90 விழுக்காடு அகற்றிவிட்டு "முடிந்தது" என்று படம் எடுத்துக்கொண்டால், மிச்சமுள்ள பத்து விழுக்காடு மூன்றே இரட்டிப்பில், அதாவது 35 நாளில், 80 ஆகிவிடும். 99 விழுக்காடு அகற்றினாலும் 80 நாள்தான் தாங்கும். கோரைக்குள் சிக்கியவை, மதகின் பின்னால் ஒளிந்தவை, உபரிநீர் வழிந்தோடும் கலங்கல் ஓரத்தில் ஒட்டியவை என்று அந்தக் கடைசி ஒரு விழுக்காட்டுக்குக் கைதான் வேண்டும், இயந்திரம் உதவாது. இரண்டு பேர், ஒரு பரிசல், ஒரு வாரி, பத்து நாளுக்கு ஒரு சுற்று. மொத்தச் செலவில் இதற்கு ஆகும் பங்கு சிறியது. திட்ட மதிப்பீட்டில் இந்த வரியே இல்லாமல் போவதுதான் வழக்கம்.

விதையையும் மறக்கக்கூடாது. சேற்றில் கிடக்கும் விதை பதினைந்து இருபது ஆண்டுகள் உயிரோடு இருக்கும். கோடையில் வற்றிய படுகை முதல் மழையில் நனைந்ததும் ஆழமற்ற ஓரங்களில் முளைக்கும். நாற்று நீங்கள் பார்த்துப் பழகிய உருவில் இருக்காது. உப்பிய காம்பு இல்லாமல், சேற்றில் வேரூன்றி, புல்போல் ஒடுங்கிய இலையோடு நிற்கும். அதைப் புல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மழை தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை ஓரங்களைப் பார்த்துப் பிடுங்குங்கள்.

மீன் சாவதற்கும் நாற்றத்துக்கும் காரணம் ஒன்றே. மூடிய செடிக்கு அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் படாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மி.கி.க்கும் கீழே போகும். அளப்பதானால் விடியற்காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் அளந்து பாருங்கள். பாசி நிறைந்த ஏரியில் பிற்பகலில் 12 காட்டும் கருவி விடியலில் 2 காட்டும், மீன் சாவது அந்த நேரத்தில்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீனும் காட்டுயிரும் வாழ நீரில் குறைந்தது 4 மி.கி. வேண்டும். வரத்து வாய், நடு ஏரி, கலங்கல் என மூன்று இடம், மாதம் ஒருமுறை போதும். செடியை முழுக்க எடுத்த பிறகு நீர் பச்சை வர்ணம்போல் ஆனால் பயப்பட வேண்டாம், ஆனால் அதன் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள்: சத்து இன்னும் உள்ளே இருக்கிறது, ஆகாயத்தாமரைக்குப் பதில் பாசி அதைத் தின்கிறது. செடியின் வேரில் ஒட்டிச் சுவாசிக்கும் மான்சோனியா கொசுப்புழு மட்டும் செடியோடு போய்விடும், யானைக்கால் பரப்பும் கொசு அது.

இனி உங்கள் மூன்று கேள்விகள். மருந்து வேண்டாம். களைக்கொல்லியில் ஏரி முழுதும் ஒரே நேரத்தில் செத்தால் 3,600 டன் தாவரம் தண்ணீரிலேயே அழுகும், இருக்கும் மீனும் போகும், எடுத்துக்கொண்ட சத்து முழுவதும் திரும்ப நீரில் கரையும். கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியும் இருக்கிறது.

வண்டு வேலை செய்யும், பொறுமை இருந்தால். நியோகெட்டினா என்ற கூன்வண்டு இனங்கள் இரண்டு 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெங்களூரு ஏரிகளில் விடப்பட்டுப் பலன் தந்தன. முதிர்ந்த வண்டு இலையைச் சுரண்டும், புழு காம்பைக் குடையும். செடி குள்ளமாகி, பூப்பது குறைந்து, மெல்ல மூழ்கும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். விலை கொடுத்து வாங்கும் முன் உங்கள் இலைகளைப் பாருங்கள், மூன்று நான்கு மி.மீ. அளவில் சுரண்டிய பழுப்புத் தழும்புகள் இருந்தால் வண்டு ஏற்கெனவே குடியிருக்கிறது. இல்லையென்றால் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தைக் கேட்கலாம். வண்டும் ஜேசிபியும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது. முழு ஏரியையும் அள்ளினால் வண்டையும் சேர்த்துத்தான் அள்ளுகிறீர்கள். மிதவைத் தடுப்புக்குள் ஒரு மூலையில் கால் ஹெக்டேர் செடியை வண்டுக்கென்று விட்டுவையுங்கள், பூக்காம்பை மட்டும் வெட்டிக்கொண்டிருங்கள். செடியை அடையாளம் கண்டும் கொள்ளுங்கள்: சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை எனப்படுவது ரோஜாப்பூ அடுக்கில் வெல்வெட் இலை கொண்ட வேறு செடி. ஊதாப் பூவும் உப்பிய காம்பும் உள்ள நம் எதிரிக்கு வெங்காயத்தாமரை என்ற பெயரும் உண்டு. இந்த வண்டு அதைத்தான் தின்னும், மற்றதைத் தொடாது. புல்கெண்டை மீன் விட்டால் வேலம்பாசியைத் தின்னும், இதைச் சீண்டாது.

ஃபவுண்டன் தன்னைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தில் மீனுக்கு மூச்சு கொடுக்கும். ஒரு கிராம் பாஸ்பரஸைக்கூட வெளியேற்றாது. "பயோ என்சைம்" பொடி விற்பவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்: பாஸ்பரஸ் எங்கே போகிறது?

உப்பு மட்டும் இதற்கு நேரடி எதிரி. மழைக்காலத்தில் அடையாறு அடித்துவரும் செடி முகத்துவாரத்தில் வதங்கிப் பட்டினப்பாக்கம் மணலில் ஒதுங்குவது அதனால்தான். ஒக்கியம் மடுவு வழியாக உவர்நீர்த் தொடர்புள்ள பள்ளிக்கரணை போன்ற சதுப்பில் அந்தத் தொடர்பைத் திறந்து வைப்பது களைக்கும் மருந்து. நன்னீர் ஏரியில் உப்பைக் கொட்டும் யோசனை யாருக்கும் வர வேண்டாம்.

கடைசியாக அனுமதியும் ஒப்பந்தமும். ஏரி நீர்வளத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா என்று உறுதி செய்து எழுத்தில் வாங்குங்கள். மீன் குத்தகைக்காரர் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பரிசலும் ஆளும் அவரிடம்தான் உண்டு. இலைக்கோழியும் தாழைக்கோழியும் செடிமேல் கூடு கட்டியிருந்தால் குஞ்சு இறங்கும்வரை அந்தப் பகுதியை ஒதுக்குங்கள். பணத்தை லோடு கணக்கிலோ இயந்திர மணிக்கணக்கிலோ கொடுக்காதீர்கள், தண்ணீரையும் சேற்றையும் தூக்கத்தான் அது தூண்டும். திறந்த நீர்ப்பரப்பு எத்தனை ஹெக்டேர் என்று கணக்கிட்டுக் கொடுங்கள். தொகையில் பாதியை அகற்றி முடித்ததும், மீதியைப் பன்னிரண்டு தவணையாக, ஒவ்வொரு மாதமும் ஏரியைச் சுற்றி நடந்து 95 விழுக்காடு நீர் திறந்திருப்பதைப் பார்த்த பிறகு. வறண்ட நாள் ஓட்டத்தைத் திருப்பும் பம்பு ஓடியதற்கான மின்கட்டணச் சீட்டையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.